எட் வின்: கோமாளியும் குணச்சித்திர நடிகரும்

எட் வின் (நவம்பர் 9, 1886 – ஜூன் 19, 1966) அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர். வானொலி, தொலைக்காட்சி, திரைப்படங்களிலும் நடித்தவர். வாடெவில் மேடையில் தொடங்கி, பிராட்வே இசை நாடகங்களில் புகழடைந்து, வானொலி வழியாக நாடு முழுவதும் அறியப்பட்டார். எழுபது வயதை நெருங்கும்போது வாய்ப்புகள் நின்றுபோயிருந்தன. அந்த நிலையில் கனமான வேடங்களை ஏற்று, குணச்சித்திர நடிகராக மறுபடியும் ஒரு வாழ்க்கையைத் தொடங்கினார். இன்று பெரும்பாலோர் அவரை 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் சிரித்துச் சிரித்துக் கூரையை ஒட்டி மிதக்கும் ஆல்பர்ட் மாமாவாகவே அறிவர்.

அவரைப் பற்றிய குறிப்புகள் பல ஒரே வாசகத்தில் முடிந்துவிடுகின்றன: கோமாளி வேடத்தைக் களைந்தார், நல்ல நடிகரானார். மேடை நகைச்சுவையை நடிப்புக்குக் கீழான ஒன்றாக எண்ணுவதால் வரும் வாசகம் இது. அவருடைய பிற்கால வேடங்களைக் கவனித்துப் பார்ப்பவருக்கு அவர் எதையும் களையவில்லை என்பது தெரியும். ஐம்பது ஆண்டுகள் சிரிப்பொலியைக் கேட்டு அதற்கேற்பப் பேசக் கற்ற ஒருவர், சிரிப்பொலியே எழாத இடத்தில் அந்தப் பயிற்சியோடு வந்து நின்றார். அதில் சில இடங்களில் வென்றார், சில இடங்களில் தவறினார். ஓரிடத்தில் அவருடைய வெற்றியே இன்னொரு மனிதருக்கு அநீதியாகவும் ஆகிவிட்டது.

தொப்பிக் கடைக்காரர் மகன்

எட் வினின் இயற்பெயர் ஐசையா எட்வின் லியோபோல்ட். பிலடெல்பியா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெண்களுக்கான தொப்பிகள் செய்து விற்றவர். மகனும் தொழிலுக்கு வருவான் என்று எதிர்பார்த்தார். மகனோ பதின்வயதிலேயே வீட்டை விட்டு நாடகக்காரர்களோடு போய்விட்டார். மேடையேறுவதைக் குடும்பத்தார் இழிவாகக் கருதினர். எனவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு, நடுப்பெயரான எட்வின் என்பதை இரண்டாக உடைத்து எட் வின் ஆனார்.

தொப்பிகள் மட்டும் அவரை விடவில்லை. ஒரே தொப்பியைப் பல வடிவங்களில் மடித்துக் காட்டிப் பேசுவது அவருடைய ஆரம்பகால நிகழ்ச்சிகளில் ஒன்று. பிற்காலத்திலும் விசித்திரமான தொப்பி, தொளதொளத்த கோட்டு, வட்டக் கண்ணாடி, உயர்ந்து நிற்கும் புருவம் ஆகியவையே அவருடைய அடையாளமாக இருந்தன.

வாடெவில் என்னும் பள்ளி

வாடெவில் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1930கள் வரை அமெரிக்காவில் செழித்திருந்த பல்சுவை மேடை நிகழ்ச்சி. ஒரே காட்சியில் பாட்டு, நடனம், கழைக்கூத்து, பழக்கிய விலங்குகள், குறுநாடகம், நகைச்சுவை என எட்டு அல்லது ஒன்பது தனித்தனி நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்காது. ஒரு கலைஞருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர். நிகழ்ச்சி மாறாது, பார்ப்பவர்கள்தாம் மாறுவார்கள். ஆகவே ஒரே பதினைந்து நிமிடத்தை ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டே போவார்கள்.

இந்த மேடை நகைச்சுவைக்காரருக்குக் கற்பித்த முதன்மையான பாடம் காத்திருத்தல். சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். அது முழுவதும் அடங்குவதற்குச் சற்று முன்பு அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். முந்தினால் சொல் சிரிப்பில் மூழ்கிப்போகும். பிந்தினால் அரங்கு குளிர்ந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் இதை எழுதிக் கொடுக்க முடியாது. இரவுக்கு இரவு கூட்டம்தான் கற்றுக்கொடுக்கும்.

நியூயார்க்கின் பேலஸ் அரங்கம் வாடெவில் உலகின் தலைமைப் பீடமாக இருந்தது. 1913 மார்ச் 24 அன்று அது திறக்கப்பட்டபோது முதல் நாள் நிகழ்ச்சியில் எட் வின் இடம்பெற்றார். அக்காலத்தில் அவர் நடத்தி வந்த குறுநாடகம் ஒன்றில் அவர் அரசவை விதூஷகன். சிரிக்கவே சிரிக்காத ஓர் அரசனை எப்படியாவது சிரிக்க வைத்தாக வேண்டும் என்பது அதன் கரு. கேட்பவர் ஒருவர்தான், அவரும் சிரிக்க மறுக்கிறார். இந்த நிலைமை எட் வினின் வாழ்க்கையில் பின்னர் வேறு வடிவங்களில் திரும்ப வருவதைக் காணலாம்.

1914, 1915ஆம் ஆண்டுகளில் சீக்ஃபீல்ட் ஃபாலிஸ் என்ற ஆடம்பரமான மேடை நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கே டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் பில்லியர்ட்ஸ் விளையாட்டை வைத்து நடத்திய புகழ்பெற்ற காட்சியின்போது, எட் வின் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு முகச்சேட்டை செய்தார் என்றும், தனக்குரிய சிரிப்பைக் களவாடியதற்காக ஃபீல்ட்ஸ் கோலால் அவர் தலையில் ஒரு போடு போட்டார் என்றும் கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, சிரிப்பைச் சொத்தாகக் கருதும் அந்தத் தொழிலின் மனநிலை அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறது.

1919 வேலைநிறுத்தம்

எட் வினின் மேடை வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. 1919 ஆகஸ்டில் நியூயார்க் நடிகர் சங்கம் அங்கீகாரம் கோரி வேலைநிறுத்தம் செய்தது. ஏறத்தாழ ஒரு மாதம் அரங்குகள் மூடிக் கிடந்தன. அப்போது நட்சத்திரமாக இருந்த எட் வின், தமக்கு எந்தக் குறையும் இல்லாத நிலையிலும், சிறு நடிகர்கள் பக்கம் நின்றார். அவர் மேடையேறக் கூடாது என்று முதலாளிகள் நீதிமன்றத் தடை வாங்கினர். சங்கத்துக்காக நடந்த நிதி நிகழ்ச்சியில் அவர் மேடைக்குப் போகாமல் பார்வையாளர் நடுவே எழுந்து நின்றார். தடை மட்டும் இல்லாதிருந்தால் மேடையில் என்னென்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொன்றாக விவரித்தே அரங்கைச் சிரிப்பில் ஆழ்த்தினார் என்பது சங்க வரலாற்றில் விரும்பிச் சொல்லப்படும் நிகழ்ச்சி.

வேலைநிறுத்தம் வென்றது. ஆனால் அரங்க முதலாளிகள் அவரை மன்னிக்கவில்லை. வாய்ப்புகள் மூடப்பட்டதால் தாமே எழுதி, தாமே தயாரித்து, தாமே நடிக்கத் தொடங்கினார். 'எட் வின்ஸ் கார்னிவல்' (1920), 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்' (1921), 'தி கிராப் பேக்' (1924) எனத் தொடர்ந்து வென்றார். 'பெர்ஃபெக்ட் ஃபூல்', அதாவது முழுமுட்டாள், அவருடைய பட்டப்பெயராகவே நிலைத்தது.

இந்த நிகழ்ச்சிகளில் அவர் சோளக்கதிரை டைப்ரைட்டர் உருளையில் பொருத்தி, வரிசை வரிசையாகக் கடித்துத் தின்னும் கருவி போன்ற பயனற்ற கண்டுபிடிப்புகளைக் காட்டுவார். மிதிவண்டிபோல் மிதித்து ஓட்டும் பியானோவில் பாடகியை உட்கார வைத்து மேடையில் உலா வருவார். ஆபாசம் ஒரு சொல்லும் கிடையாது, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. யாரையும் புண்படுத்தும் கேலியும் இல்லை. மழலைபோன்ற நாத்தடுமாற்றம், தன் ஜோக்குக்குத் தானே அடக்கமாட்டாமல் சிரிக்கும் கீச்சுக் குரல், என்ன செய்வதென்று தெரியாமல் பதறும் கைகள் ஆகியவை அவருடைய கருவிகள். நீங்கள் சிரிக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று கேட்பதுபோன்ற ஒரு பதற்றம் அந்த வேடிக்கைக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பிற்கால நடிப்பைப் புரிந்துகொள்ள இந்தப் பதற்றத்தைக் குறித்துக்கொள்வது அவசியம்.

சிரிப்பு கேட்காத அறை

1922 பிப்ரவரியில் 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்' நிகழ்ச்சியை வானொலியில் ஒலிபரப்ப நியூவார்க் நகர வானொலி நிலையம் அவரை அழைத்தது. பிராட்வே நிகழ்ச்சி ஒன்று வானொலிக்கு வந்ததில் அதுவே முன்னோடி. மேடையில் செய்ததையே ஒலிவாங்கி முன்னும் செய்தார். பதிலுக்கு அமைதிதான் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளில் சிரித்திருக்கலாம், ஆனால் அவர் காதில் எதுவும் விழவில்லை. அவர் நடுங்கிப்போனார். கட்டடத்தில் இருந்த ஊழியர்களையும் கையில் அகப்பட்டவர்களையும் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்த பிறகுதான் அவரால் தொடர முடிந்தது.

1932இல் டெக்ஸாக்கோ எண்ணெய் நிறுவனத்துக்காக 'ஃபயர் சீஃப்' என்ற வாராந்தர வானொலி நிகழ்ச்சியை ஏற்றபோது இந்த அனுபவத்தை மறக்கவில்லை. அரங்கில் நேரடிப் பார்வையாளர்கள் இருக்க வேண்டும் என்றார். கேட்பவருக்குத் தெரியாது என்றாலும் தீயணைப்புத் தலைவர் உடையும் தொப்பியும் ஒப்பனையும் அணிந்தே பேசினார். அறிவிப்பாளர் கிரஹாம் மெக்னமி அவருக்கு எடுத்துக்கொடுக்கும் துணையாக நின்றார். நிகழ்ச்சி 1935 வரை நடந்தது.

திரைப்படங்கள் ஏன் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். 'ரப்பர் ஹீல்ஸ்' (1927), 'ஃபாலோ தி லீடர்' (1930), 'தி சீஃப்' (1933) ஆகிய மூன்றும் நிலைக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் சிரிக்கக் கூடாது, சிரித்தால் ஒலிப்பதிவு கெடும். சிரிப்பு எவ்வளவு நேரம் நீளும் என்று ஊகித்து இடைவெளி விடவும் முடியாது. 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் மந்திரவாதி வேடம் அவரைத் தேடி வந்தும், சிறியது என்று மறுத்துவிட்டார் என்பர். அப்படத்தில் சிங்கமாகவும் வைக்கோல் மனிதனாகவும் தகர மனிதனாகவும் நடித்த பெர்ட் லார், ரே போல்ஜர், ஜாக் ஹேலி மூவரும் வாடெவில் வழி வந்தவர்களே.

1933இல் சொந்தமாக ஒரு வானொலி வலையமைப்பைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே மூடினார். அதில் பெரும் பணத்தை இழந்தார். பிறகும் மேடை வெற்றிகள் இருந்தன. 1949இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி எம்மி விருதும் பெற்றது. டிஸ்னியின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' (1951) கேலிச்சித்திரப் படத்தில் பித்தன் தொப்பிக்காரனுக்குக் குரல் கொடுத்தார். தொப்பிக் கடைக்காரர் மகனுக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் இருந்திருக்க முடியாது. ஆனால் தொலைக்காட்சியில் இளையவர்கள் வேறு வேகத்தில் வந்துவிட்டனர். 1950களின் நடுவில் எட் வின் பழைய காலத்து மனிதராகியிருந்தார்.

அக்டோபர் 1956

எட் வினின் மகன் கீனன் வின் அப்போது நன்கு நிலைபெற்ற குணச்சித்திர நடிகர். தாய்வழிப் பாட்டனார் ஃபிராங்க் கீனன் கனமான வேடங்களுக்குப் பேர்போன மேடை நடிகர். அந்தப் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். ஆக, குடும்பத்தில் பாட்டனும் பேரனும் 'உண்மையான' நடிகர்கள், நடுவில் இருப்பவர் கோமாளி. தந்தையைத் தீவிரமான வேடங்களுக்கு வருமாறு வற்புறுத்தியவர் கீனன்.

ராட் செர்லிங் எழுதிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெய்ட்' 1956 அக்டோபர் 11 அன்று 'ப்ளேஹவுஸ் 90' தொடரில் நேரடியாக ஒளிபரப்பானது. இயக்கியவர் ரால்ஃப் நெல்சன். கண்பார்வை போகும் அபாயத்தால் களத்தை விட்டு விலக வேண்டிய குத்துச்சண்டை வீரன் மவுண்டன் மெக்ளின்டாக்காக ஜாக் பேலன்ஸ் நடித்தார். அவனுக்கு எதிராகவே பந்தயம் கட்டிக் கடனாளியாகிப்போன மேலாளர் மெய்ஷாகக் கீனன் வின். சண்டையின் இடைவேளைகளில் வீரனின் முகக்காயத்துக்கு மருந்திட்டு இரத்தத்தை நிறுத்தும் உதவியாளர் ஆர்மியாக எட் வின். அவருக்கு வயது 69.

ஒத்திகைகள் மோசமாகப் போயின. வசனம் மறந்தது. மறந்த இடத்தில் பழைய கோமாளித்தனம் தானாக வந்து உட்கார்ந்தது. அவரை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது, செர்லிங்கும் அஞ்சினார். கடைசி நேரத்தில் தேவைப்பட்டால் ஏறுவதற்காக நெட் கிளாஸ் என்ற நடிகரை ஆர்மியின் வசனத்தை மனப்பாடம் செய்து தயாராக இருக்கச் சொன்னார்கள். இது எட் வினுக்குத் தெரியாது. ஒளிபரப்பு நேரலை, தவறினால் நாடே பார்க்கும். அன்றிரவு எட் வின் தவறவில்லை. இந்தப் பின்கதையையே ரால்ஃப் நெல்சன் 1960இல் 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்' என்று தொலைக்காட்சி நாடகமாக எடுத்தார். அதில் எட் வினும் கீனனும் தாங்களாகவே நடித்தனர். தம் அவமானத்தைத் தாமே நடித்துக் காட்டுவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

பின்கதை இவ்வளவு சுவையாக இருப்பதால் நடிப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பதிவு இன்றும் கிடைக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது ஆர்மியின் இடைவெளிகள். எட் வின் ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சற்று நிற்கிறார். கண்கள் எதிரே இருப்பவரின் முகத்தில் எதையோ தேடுகின்றன. ஐம்பது ஆண்டுகளாகச் சிரிப்பு வந்து நிரப்பிய இடம் அது. இங்கே எதுவும் வருவதில்லை. அந்த வெறுமை ஆர்மி என்ற மனிதனுடையதாகிவிடுகிறது. தான் சொல்வதை யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா என்று தயங்கும் ஒரு முதிய உதவியாளர் நம் முன் நிற்கிறார். பதறும் அதே கைகள் இங்கே பஞ்சும் மருந்துமாக வாழ்ந்த கைகள். ஒரு பயிற்சி பெற்ற நாடக நடிகர் இந்தத் தயக்கத்தைத் திட்டமிட்டுச் செய்திருப்பார். எட் வினிடம் அது திட்டமில்லாத பழக்கமாக இருப்பதால் நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

நாடகத்தின் கருவும் அவருக்கு வலுச்சேர்க்கிறது. மெய்ஷ் தன் கடனை அடைக்க மவுண்டனுக்கு மலைவாசிக் கோமாளி வேடம் போட்டு மல்யுத்த மேடையில் வேடிக்கைப் பொருளாக நிறுத்தப் பார்க்கிறான். ஆர்மி எதிர்க்கிறார். மனிதனைக் கேலிக்கூத்தாக்காதே என்று சொல்பவர், ஐம்பது ஆண்டுகள் விசித்திரத் தொப்பி அணிந்து பிழைத்த மனிதர். எதிரே நிற்பது அவருடைய சொந்த மகன். செர்லிங் இதை எண்ணி எழுதியிருக்க வேண்டியதில்லை. பார்ப்பவர் மனத்தில் அது தானாகவே சேர்ந்துகொள்கிறது. 1962இல் இதே கதையை நெல்சன் திரைப்படமாக எடுத்தபோது ஆர்மியாக மிக்கி ரூனி நடித்தார். அவரும் சிறுவயதிலேயே வாடெவில் மேடையேறியவர், திறமை மிக்கவர். ஆனால் அவர் ஆர்மியை உணர்ச்சிகளால் நிரப்பினார். எட் வின் அதைக் காலியாக விட்டார். காலியாக விட்டதே மனத்தில் நிற்கிறது.

அதே காலகட்டத்தில் ஹோசே ஃபெரர் இயக்கி நடித்த 'தி கிரேட் மேன்' படத்தில் ஒரு சிறுநகர வானொலி நிலைய உரிமையாளராக வருகிறார். இறந்துபோன புகழ்பெற்ற அறிவிப்பாளனைப் பற்றி, அவனுக்குத் தொடக்கத்தில் வாய்ப்பளித்த இவர் நினைவுகூர வேண்டும். ஒரே காட்சி, நீண்ட பேச்சு. வந்தவர் எளிதாகக் கேலி செய்துவிட்டுப் போகக்கூடிய தோற்றம். பேசப் பேச, கேலி செய்ய நினைத்தவர்தான் கூசிப்போக வேண்டியிருக்கிறது. எட் வினின் திரைநடிப்பில் முழுமையானது எது என்று கேட்டால் இந்த ஒற்றைக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற வேடத்தைவிட இது மேலானது.

டஸல் என்ற பாத்திரம்

அந்தப் பரிந்துரை ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'தி டயரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' (1959) படத்துக்காக, சிறந்த துணை நடிகர் பிரிவில் கிடைத்தது. விருது 'பென்-ஹர்' படத்தின் ஹியூ கிரிஃபித்துக்குப் போனது. ஸ்டீவன்ஸ் இளமையில் லாரல்–ஹார்டி படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் இராணுவப் படப்பிடிப்புக் குழுவுடன் டாஹாவ் வதைமுகாமைப் பதிவு செய்தவர். நகைச்சுவைக்காரரின் காலக்கணக்கும் தெரியும், நடந்த கொடுமையும் தெரியும். எட் வினைத் தேர்ந்ததில் இரண்டும் இருந்திருக்க வேண்டும்.

எட் வின் நடித்தது ஆம்ஸ்டர்டாமில் ஃபிராங்க் குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்த பல் மருத்துவர் டஸல். எட்டாவது ஆளாக வந்து, ஆனுடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறார். பூனை ஆகாது, சத்தம் ஆகாது, எல்லாவற்றுக்கும் முணுமுணுப்பு. இறுக்கமான கதையில் பார்ப்பவர் சற்று மூச்சுவிடும் இடங்கள் அவருடையவை. அவர் முதன்முதலில் உள்ளே வந்து, வெளியே நகரத்தில் யார் யாரைப் பிடித்துச் சென்றார்கள் என்று சொல்லும் காட்சியில் எட் வின் மிக நன்றாகச் செய்கிறார். கேட்பவர்களுக்குத் தெரியாத செய்தி அது. சொல்லச் சொல்ல அறை உறைகிறது. மேடையில் அவர் தேடிய மறுமொழிக்கு நேர் எதிரான மறுமொழி. அதற்கும் அவர் அதே கணக்கில் இடம் விடுகிறார்.

ஆனால் டஸல் கற்பனை மனிதர் அல்லர். அந்தப் பெயர் மட்டுமே புனைவு. நாட்குறிப்பில் ஆன் சூட்டிய அந்தப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் அசடு என்ற சாயல் உண்டு. உண்மையில் அவர் ஃபிரிட்ஸ் ஃபெஃபர், 1889இல் பிறந்த ஜெர்மானிய யூதப் பல் மருத்துவர். 1942இல் மறைவிடத்துக்கு வந்தபோது வயது 53. தம் மகனை முன்னரே இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். 1944 டிசம்பர் 20 அன்று நோயன்காம வதைமுகாமில் இறந்தார். நாட்குறிப்பை நாடகமாக்கிய ஃபிரான்சஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹேக்கெட் தம்பதியர் இவரை யூதச் சடங்குகளே அறியாதவராகவும் சிடுசிடுப்பான கோமாளியாகவும் ஆக்கினர். உண்மையில் அவர் சமயப் பற்றும் எபிரேய மொழி அறிவும் உள்ளவர். அவருடைய துணைவி ஷார்லோட்டே கலேட்டா இதைக் கண்டித்து நாடக ஆசிரியர்களுக்கு எழுதினார். சடங்குகளைப் பார்வையாளருக்கு விளக்க, அறியாத ஒருவர் மேடையில் தேவைப்பட்டார் என்பதே அவர்கள் தரப்பு.

இதில் எட் வினின் பொறுப்பு எவ்வளவு என்பது நியாயமான கேள்வி. பாத்திரத்தை வடித்தவர் அவரல்லர். அவரும் யூதர். பேசிய காட்சிகளில் கொச்சைப்படுத்தவும் இல்லை. ஆயினும் 53 வயது மனிதரை எழுபது கடந்த, எழுபது கடந்த கீச்சுக் குரலால் அறியப்பட்ட ஒரு கோமாளி நடித்ததும் ஃபெஃபரின் முகம் உலகத்தார் மனத்தில் எட் வினின் முகமாகிவிட்டது. அவர் வாய் திறந்ததும் அன்றைய அமெரிக்கப் பார்வையாளர் பாதிச் சிரிப்போடு தயாராக இருந்திருப்பார்கள். குழந்தைத்தனமான பாத்திரங்களில் இந்தப் புகழ் முதலீடு. கொல்லப்பட்ட ஓர் உண்மை மனிதரை நடிக்கும்போது அது கடன். படத்தைப் புகழ்வோர் பலரும் இந்தக் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை. நடிப்பு நன்றாக இருந்தது என்பதும் அந்த நடிப்பு இறந்தவருக்கு இழைத்தது சரியில்லை என்பதும் ஒன்றையொன்று அடித்துவிடுவதில்லை.

நடைபாதை வியாபாரி

எட் வினை மாற்றிவிடலாமா என்று 1956இல் அஞ்சிய செர்லிங், 1959இல் தம் 'ட்விலைட் ஸோன்' தொடரின் இரண்டாவது நாடகத்தையே அவரை முன்வைத்து அமைத்தார். பெயர் 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்'. லூ புக்மேன் பொம்மைகளும் சில்லறைச் சாமான்களும் விற்கும் நடைபாதை வியாபாரி. மரணம் மனித உருவில் வருகிறது. புக்மேன் தந்திரமாகத் தப்பிக்க, அவருக்குப் பதில் பக்கத்து வீட்டுச் சிறுமியை நள்ளிரவில் கொண்டுபோக முடிவாகிறது. மரணத்தின் கவனத்தை நள்ளிரவு தாண்டும்வரை தம் பேச்சால் பிடித்து வைத்தால் சிறுமி பிழைப்பாள். புக்மேன் பெட்டியைத் திறக்கிறார்.

1913க்கு முன்பிருந்தே எட் வின் சுமந்த கதைதான் இது: எதிரே ஒரே ஒரு பார்வையாளர், அவரை வென்றாக வேண்டும். ஆனால் நடிப்பில் குறை இருக்கிறது. தெருவில் கூவி விற்பவருக்கு நாக்கு பம்பரமாகச் சுழல வேண்டும். எட் வின் மெதுவானவர், சொற்களுக்கிடையே தயங்குபவர். அந்த உச்சக் காட்சியில் அவரைவிட மரணமாக நடித்த மர்ரே ஹாமில்டனின் வியர்க்கும் முகமே விற்பனை நடந்ததை நம்ப வைக்கிறது. அதே நாடகத்தில் தெருக் குழந்தைகள் சூழ்ந்திருக்க அவர் பேசும் இடங்களில் எந்தக் குறையும் இல்லை. குழந்தைகள் உடனுக்குடன் சிரிக்கிறார்கள். அவருக்குப் பழகிய சூழல் அது.

டிஸ்னி ஆண்டுகள்

1960களில் அவர் பெரும்பாலும் டிஸ்னி நிறுவனத்தின் படங்களில் நடித்தார். 'தி ஆப்சென்ட்-மைண்டட் புரொஃபசர்' (1961) படத்தில் தீயணைப்புத் தலைவராக வருவது பழைய வானொலி ரசிகர்களுக்கான வணக்கம். 'பேப்ஸ் இன் டாய்லேண்ட்' (1961) போன்றவற்றில் புதிதாக ஏதுமில்லை. கீச்சுச் சிரிப்பு கேட்டார்கள், கொடுத்தார். ஸ்டீவன்ஸின் 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' (1965) படத்தில் பார்வையற்ற முதியவராகச் சிறிது நேரம் வருகிறார்.

'மேரி பாப்பின்ஸ்' (1964) வேறு. ஆல்பர்ட் மாமாவுக்குச் சிரிப்பு ஒரு நோய். சிரித்தால் உடல் மேலெழும்பிக் கூரையில் முட்டும். இறங்க வேண்டுமானால் துயரமான எதையாவது நினைக்க வேண்டும். அவர் சிரிப்பதில் மகிழ்ச்சியோடு ஒரு மன்னிப்புக் கேட்கும் குரலும் கலந்திருக்கிறது. தன்னால் இதை நிறுத்த முடியவில்லையே என்ற பழைய பதற்றம் அது. வந்தவர்கள் புறப்படும் நேரம் என்றதும் எல்லோரும் இறங்குகிறார்கள். ஆல்பர்ட் அழுகிறார், டிக் வான் டைக் நடித்த பெர்ட் துணைக்கு இருக்கிறார். படத்தில் இது சில நிமிடங்களே வருகிறது. குழந்தைகள் மிதப்பதைப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தேநீர் மேசையில் பெர்ட் ஒரு ஜோக்கைத் தொடங்குகிறார்: ஸ்மித் என்ற பெயருடைய, மரக்கால் வைத்த ஒருவரைத் தமக்குத் தெரியும் என்கிறார். ஸ்மித் என்பது மரக்காலின் பெயர் என்பதுபோல எடுத்துக்கொண்டு, மற்றக் காலின் பெயர் என்னவென்று ஆல்பர்ட் கேட்கிறார். ஒருவர் எடுத்துக்கொடுக்க இன்னொருவர் அடிக்கும் வாடெவில் வார்ப்பு இது. எட் வின் அடிக்கும் நேரம் கச்சிதம். கதையின் முடிவில் அதே ஜோக் கடுகடுத்த வங்கித் தலைவரிடம் போய்ச் சேருகிறது. சற்று நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிகிறது. அவரும் சிரித்து மேலெழும்புகிறார். அப்பா சிரித்துக்கொண்டே இறந்துபோனார் என்று மறுநாள் மகன் வந்து மகிழ்ச்சியாகச் சொல்கிறார்.

எட் வின் 1966 ஜூன் 19 அன்று பெவர்லி ஹில்ஸில் தொண்டைப் புற்றுநோயால் காலமானார். குள்ளர்களின் அரசனாக அவர் நடித்த 'தி நோம்-மொபைல்' அடுத்த ஆண்டு வெளிவந்தது.